ஒரே கணக்கேடு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் புகையிரதப் பாதைகள் பல கம்பனிகளின் உடைமையாயிருந்தன. ஒரு பொதி சரக்கு சேருமிடம் அடையுமுன் மூன்று கம்பனிகளின் பாதைகளைக் கடத்தல் கூடும். கட்டணம் பெற்றதோ ஒரு கம்பனி. ஏனையவற்றின் பங்கு எவ்வளவு? ஒவ்வொன்றும் தன் ஏட்டையே சான்றாகக் காட்டினால் வழக்குத் தீருமா?

இதற்கு வழி கண்டவர் கெனத் மொரிசன். 1842ஆம் ஆண்டு சனவரியில் இலண்டனில் புகையிரதக் கணக்குத் தீர்வு நிலையம் தொடங்கியது. பாதைகள் கூடும் சந்திகளில் அதன் எழுத்தர் நின்று, கடந்து செல்லும் வண்டிகளின் இலக்கங்களைக் குறித்தனர். அவர்கள் எந்தக் கம்பனியையும் சார்ந்தவரல்லர். அக்குறிப்புகளும் கம்பனிகளின் கணக்குகளும் இலண்டனில் ஒப்புநோக்கப்பட்டன. தூரத்துக்கேற்பப் பங்கு பிரிக்கப்பட்டது.

இன்று அவ்வேலையைக் கணினி செய்கின்றது. ஆயினும், பல ஏடுகளை ஒன்றாக அடுக்கினால் மட்டும் அவை ஒரே ஏடாகிவிடா. நடுநிலையாளர் சரிபார்த்த கணக்கே எல்லாரும் நம்பும் பொதுக்கணக்கு அன்றோ?