சொல்லும் செயலும்: வியட்நாம் புகட்டும் பாடம்



கொள்கையில் நம்மோடு மாறுபட்ட நாடொன்று நட்புக்கரம் நீட்டுமாயின், அதனை நாம் எதைக்கொண்டு மதிப்பிடுவது? கம்யூனிஸ்டு நாடாகிய வியட்நாமின் வரலாறு இவ்வினாவிற்குத் தக்க விடையளிக்கின்றது.

மலேசியா 1973ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் ஹனோய் அரசோடு தூதரக உறவு கொண்டது. ஆயினும், ஆசியான் நாடுகளை மேல்நாட்டு வல்லரசுகளின் கருவிகள் என்றே ஹனோய் தலைவர்கள் கருதி வந்தனர். சீனாவோடும் கம்போடியாவோடும் பகை முற்றிய 1978ஆம் ஆண்டில் அவர்களது போக்கு மாறியது. பிரதமர் பாம் வான் டோங் அன்றைய ஆசியானின் ஐந்து நாடுகளுக்கும் வருகை புரிந்தார். கோலாலம்பூரில் தேசிய நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைத்தார். கம்யூனிஸ்டுகளை எதிர்த்துப் போரிட்டு மாண்ட வீரர்களுக்கும் உரியதன்றோ அச்சின்னம்! கிளர்ச்சியாளருக்குத் தம் நாடு உதவாது என்றும் அவர் உறுதி கூறினார். அவசரகாலத்தின் இன்னல்களைத் தோட்டங்களில் அனுபவித்த நம்மவர்க்கு அஃது எத்துணைப் பெரிய வாக்கு!

ஆனால், அவ்வாண்டு டிசம்பர் 25ஆம் நாள் வியட்நாமியப் படைகள் கம்போடியாவினுள் பெருமளவில் புகுந்தன. எல்லையில் போல் பாட் படையினர் நிகழ்த்திய படுகொலைகளை ஹனோய் காரணமாகக் காட்டியது. போல் பாட்டின் கொடுங்கோலாட்சி வீழ்ந்தது உண்மையே. ஆயினும், படைகள் அங்கேயே பத்தாண்டுகளுக்கு மேல் தங்கிவிட்டன. அயல்நாட்டின் அரசைப் படைவலியால் மாற்றுவதை ஆசியான் ஏற்கவில்லை. அதே காலத்தில், வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பிய அகதிகள் திரங்கானுவின் பீடோங் தீவில் ஆயிரமாயிரமாய்க் கரையேறினர். மலர்வளையம் வாடுமுன்னே வாக்கு மதிப்பிழந்தது.

தனிமையும் வறுமையும் ஹனோயைச் சிந்திக்க வைத்தன. சோவியத் உதவியும் குறையலாயிற்று. 1986 டிசம்பரில் கூடிய ஆறாவது கட்சி மாநாடு ‘டோய் மோய்’ என்னும் சீர்திருத்தக் கொள்கையை ஏற்றது. 1989 செப்டம்பரில் படைகள் கம்போடியாவை விட்டு வெளியேறின. 1991இல் சீனாவோடும், 1995 ஜூலையில் அமெரிக்காவோடும் உறவு சீரடைந்தது. அதே ஜூலை 28ஆம் நாள் வியட்நாம் ஆசியானின் ஏழாவது உறுப்பு நாடாயிற்று.

இதன்பொருட்டுக் கம்யூனிஸ்டுக் கட்சி தன் ஆட்சியைக் கைவிடவில்லை. ஆசியான் நாடுகளும் தத்தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. 1978இல் வாக்குறுதியால் பெறமுடியாத நம்பிக்கையைப் படை விலக்கமே பெற்றுத் தந்தது.

அண்டை வீட்டார் எத்தெய்வத்தை வணங்குகின்றனர் என்று நாம் ஆராய்வதில்லை. நம் வேலியை மதிக்கின்றனரா என்றே பார்க்கின்றோம். நாடுகளுக்கும் அதுவே அளவுகோலாகும்.