தாய்க்கிணறும் சேய்க்கிணறும்

அமெரிக்காவின் பெர்மியன் படுகையில் ஒரு புதிய எண்ணெய்க் கிணற்றில் ஃபிராக்கிங் நடக்கும்போது, சில நூறு மீட்டர் தள்ளி ஆண்டுக்கணக்காக எண்ணெய் தந்துவரும் பழைய கிணற்றின் அழுத்தமானி திடீரென ஏறுவதுண்டு. பிறகு அந்தப் பழைய கிணற்றில் எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் வரும். சில வேளை மணலும் வரும். எண்ணெய் வயலில் இதை ‘ஃபிராக் ஹிட்’ என்பார்கள். முதலில் தோண்டியது தாய்க்கிணறு. பின்னால் அதன் அருகில் வந்தது சேய்க்கிணறு. இன்று பெட்ரோலியப் பொறியியலில் பட்டம் பெறுவோர் ஷேல் வயல்களுக்குப் பணிக்குச் சென்றால், தாயும் சேயும் நெருங்கி நிற்கும் வயல்களே பெரும்பாலும் அவர்களுக்கு வாய்க்கும்.

ஷேல் பாறைக்குள் எண்ணெய் உண்டு. அது ஓட வழி கிடையாது. வழக்கமான மணற்பாறைத் தேக்கங்களின் ஊடுருவுதிறனை மில்லிடார்சியில் அளப்பார்கள், ஷேலுக்கோ நானோடார்சி. அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு அலகு. அதனால்தான் கிணற்றை இரண்டு, மூன்று கிலோமீட்டர் கீழே இறக்கி, பாறை அடுக்கோடு கிடையாகத் திருப்பி, மேலும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். பின்பு தண்ணீரையும் மணலையும் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். இதுவே ஃபிராக்கிங். விரிசல் மீண்டும் மூடிக்கொள்ளாமல் மணல் தாங்கி நிற்கிறது. அழுத்தத்தால் பாறையைப் பிளக்கும் முறை 1947-ல் கன்சாஸ் மாநிலத்தின் ஹியூகோட்டன் எரிவாயு வயலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 1990-களின் இறுதியில் டெக்சஸின் பார்னெட் ஷேலில் மிட்செல் எனர்ஜி நிறுவனம் அதைக் கட்டுப்படியாகும் செலவில் செய்துகாட்டிய பிறகே ஷேல் யுகம் தொடங்கியது. இன்று ஒரு நீளக் கிணற்றுக்குச் சில கோடி லிட்டர் தண்ணீரும் ஆயிரக்கணக்கான டன் மணலும் செலவாகின்றன.

இவ்வளவு தண்ணீரும் ஏன் பழைய கிணற்றை நோக்கிப் போக வேண்டும்? தாய்-சேய்க் கிணற்றுச் சிக்கலின் மையம் இந்தக் கேள்விதான். தாய்க்கிணறு எண்ணெயை எடுக்க எடுக்க, சுற்றியுள்ள பாறையின் நுண்துளைகளில் அழுத்தம் இறங்குகிறது. அந்த அழுத்தம் இறங்கினால் பாறையைக் கிடைமட்டத்தில் இறுக்கிப் பிடித்திருக்கும் தகைவும் தளர்கிறது. எதிர்ப்பு எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கமே விரிசல் நீளும். ஆகவே சேய்க்கிணற்றின் விரிசல்கள் இருபுறமும் சமமாக வளராமல், ஏற்கெனவே எண்ணெய் எடுத்துத் தளர்ந்துபோன பாறைக்குள் ஓடுகின்றன. நட்டம் இரு கிணறுகளுக்கும். பழையதற்குள் தண்ணீர் புகுகிறது. புதியதன் மறுபக்கத்தில் கைபடாத பாறை பிளவுபடாமலேயே நின்றுவிடுகிறது. பெரும்பாலான வயல்களில் தாயைவிடச் சேய் குறைவாகத் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிணறுகளுக்கு இடையிலான தூரத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதில் தவறிவிடுகிறார்கள். ஒரே இடைவெளியில் இரண்டு கிணறுகளை ஒரே மாதத்தில் பிளப்பது வேறு. ஐந்தாண்டு இடைவெளி விட்டுப் பிளப்பது முற்றிலும் வேறு. தூரத்தோடு காலத்தையும் கணக்கில் எடுத்தால்தான் நடந்தது விளங்கும். விரிசலின் உருவமும் பாடநூல் படம்போல நேரான ஒற்றைத் தகடு அல்ல. டெக்சஸின் ரீகன் கவுண்டியில் ஓர் ஆய்வுக் களத்தில், பிளக்கப்பட்ட பாறையினூடே சாய்வாகத் துளையிட்டு ஏறத்தாழ 600 அடி நீளத்துக்குப் பாறை மாதிரி எடுத்தார்கள். அதில் நூற்றுக்கணக்கான விரிசல்கள் கொத்துக் கொத்தாகத் தென்பட்டன.

அடி வாங்கிய பழைய கிணறு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சில கிணறுகள் வாரக்கணக்கில் தண்ணீரைக் கக்கிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. சிலவற்றில் மணல் கிடைக்குழாயை அடைத்துக்கொள்ள, அதை வெளியேற்றவே பெருஞ்செலவாகிறது. கிணற்றுச் சுவரைத் தாங்கும் கேசிங் குழாய் நெளிந்து போவதும் உண்டு. ஓக்லஹோமாவின் வுட்ஃபோர்டு ஷேலில் இழப்பே மிகுதியாகப் பதிவாகியிருக்கிறது. வடக்கு டகோட்டாவின் பாக்கனிலும் லூசியானா எல்லைப் பகுதியின் ஹேன்ஸ்வில்லிலும் பல தாய்க்கிணறுகளின் உற்பத்தி கூடியிருக்கிறது. உள்ளே வந்த நீர் அழுத்தத்தை ஏற்றிப் பழைய விரிசல்களைத் திறந்துவிட்டது ஒரு விளக்கம். அதனால் ஒரு படுகையின் அனுபவத்தை இன்னொரு படுகைக்கு அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது.

மிகவும் கவலை தருவது பழைய கிணறுகளின் நிலை. இவற்றில் பலவற்றின் குழாயும் கிணற்றுத் தலையும் ஃபிராக்கிங் அழுத்தத்தைத் தாங்கும்படி கட்டப்பட்டவை அல்ல. 2012 ஜனவரியில் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், இன்னிஸ்ஃபெயில் ஊருக்கு அருகே ஒரு கிணற்றில் ஃபிராக்கிங் நடந்தபோது, நிலத்தடியில் ஏறத்தாழ 130 மீட்டர் தள்ளியிருந்த வேறொரு நிறுவனத்தின் கிணற்று வழியே எண்ணெயும் திரவமும் பீறிட்டு வயல்வெளியில் பரவின. மறு ஆண்டே கிணறுகளுக்கு இடையிலான தொடர்பு குறித்து அந்த மாகாணம் தனி விதிமுறை கொண்டுவந்தது. ஓக்லஹோமாவிலோ, சிறு உரிமையாளர்கள் பல பத்தாண்டுகளாக நடத்திவந்த செங்குத்துக் கிணறுகள் பெரிய கிடைக்கிணறுகளால் தண்ணீரில் மூழ்கியதாக முறையிட்டார்கள். நாளொன்றுக்குச் சில பீப்பாய் மட்டுமே தரும் அத்தகைய கிணறு ஒருமுறை மூழ்கினால், அதை மீட்கும் செலவை அதன் வருமானம் தாங்காது.

தாய்க்கிணறு தனியாக நிற்க நேர்வதன் வேர் பெரும்பாலும் குத்தகைப் பத்திரத்தில் இருக்கிறது. குறித்த காலத்துக்குள் எண்ணெய் எடுக்கத் தொடங்காவிட்டால் நிலத்தின் கனிம உரிமை கைநழுவும். எனவே நிறுவனங்கள் ஒவ்வொரு குத்தகையிலும் ஒரே ஒரு கிணற்றைத் தோண்டி உரிமையைக் காத்துக்கொண்டு, மற்றவற்றைப் பிற்காலத்துக்குத் தள்ளின. இதற்கு மாற்றாக எல்லாக் கிணறுகளையும் ஒரே வேளையில் தோண்டும் முறை வந்தது. அதிலும் பேராசை தோற்றது. கான்சோ ரிசோர்சஸ் நிறுவனம் தன் ‘டாமினேட்டர்’ திட்டத்தில் 23 கிணறுகளைச் சுமார் 230 அடி இடைவெளியில் நெருக்கிப் போட்டது. எதிர்பார்த்த விளைச்சல் கிடைக்கவில்லை என்று 2019-ல் அறிவித்தபோது அதன் பங்கு விலை சரிந்தது.

பரிகாரங்கள் உண்டு, முழுமையானவை இல்லை. சேயைப் பிளப்பதற்கு முன் தாய்க்கிணற்றை மூடிவைப்பது எளிய வழி. தாய்க்கிணற்றுக்குள் தண்ணீர் செலுத்தி அழுத்தத்தை ஏற்றிவைப்பதும், அதையே மீண்டும் ஃபிராக்கிங் செய்வதும் செலவு மிக்கவை. இழந்த அழுத்தம் பெரிதாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவதால் பயன் சொற்பம்.

சட்டத்தின் துணையும் ஓரளவுக்கே. விரிசல் பக்கத்து நிலத்துக்குள் நீண்டு எரிவாயுவை இழுத்துக்கொண்டாலும், இழந்த வாயுவுக்கு நட்டஈடு கோர முடியாது என்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்தது. கிணறே சேதமாவது அந்த வழக்கின் கேள்வி அல்ல. சேதத்துக்கு வழக்காட வேண்டுமானால், காரணம் இன்னதென்று காட்டியாக வேண்டும். அங்கேதான் சிக்கல். ஷேல் கிணற்றின் உற்பத்தி முதல் ஆண்டிலேயே பாதிக்கும் மேல் இயல்பாகவே சரிகிறது. மாதத்துக்கு ஒரு எண் மட்டும் குறித்துவைத்தால், இயல்பான சரிவு எங்கே முடிந்தது, அண்டைக் கிணற்றின் பாதிப்பு எங்கே தொடங்கியது என்று பிரிக்க முடியாது. பழைய கிணற்றின் அழுத்தம், எண்ணெய், நீர், வாயு ஆகியவற்றின் அன்றாடப் பதிவு ஃபிராக்கிங்குக்குப் பல மாதம் முன்பிருந்தே கையில் இருக்க வேண்டும். அண்டைக் கிணற்றில் எந்த நாள், எந்த மணியில், கிடைக்குழாயின் எந்தப் பகுதி, அதாவது எந்தக் கட்டம், பிளக்கப்பட்டது என்ற அட்டவணையும் வேண்டும். முதல் பதிவு பழைய கிணற்றுக்காரரிடமும் இரண்டாவது புதிய கிணற்றுக்காரரிடமும் இருக்கும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும்போதுதான் எந்தக் கட்டத்தின் விரிசல் வந்து மோதியது என்பது தெரிகிறது.