ஆண்டவர் கேட்ட தண்ணீர்

(ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் இளைஞர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'கடவுளின் அன்பும் அன்றாட வாழ்வில் ஆவிக்குரிய புதுப்பித்தலும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச நம்ம பக்கத்துல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆவடியிலும் அம்பத்தூரிலும் எழுப்புதல் கூட்டத்துச் சுவரொட்டி இல்லாத தெருவைக் காண்பது கஷ்டம். அந்தக் கூட்டங்களைக் கேலி பேச நான் வரல. வாரம் முழுக்க எஸ்டேட்டுல கான்ட்ராக்ட் வேலை பார்த்து, முதலாளிகிட்ட ஏச்சு வாங்கிட்டு வர்ற சனம், ஞாயித்துக்கிழமை ஒருமணி நேரம் வாய்விட்டு அழுவுது. அந்த அழுகை உண்மை. நம்மையும் ஒருவர் நேசிக்கிறார் என்று கேட்பதற்கு அந்தச் சனத்துக்கு உரிமை இருக்கிறது. நான் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: அந்த அன்பு திங்கட்கிழமை எங்கே போகிறது?

இதற்கு யோவான் நற்செய்தி நாலாம் அதிகாரத்தில் இருந்து ஆரம்பிக்கலாம். நண்பகல். இயேசு நடந்த களைப்போடு கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறார். சீடர்கள் சாப்பாடு வாங்க ஊருக்குள் போய்விட்டார்கள். சமாரியப் பெண் ஒருத்தி தண்ணீர் மொள்ள வருகிறாள். அவர் அவளிடம் தண்ணீர் கேட்கிறார். அவள் திகைத்துப்போகிறாள். யூதர்கள் சமாரியரோடு புழங்குவதில்லை. கிணறு ஆழம், அவர் கையில் மொள்ளப் பாத்திரம் இல்லை. அப்படியானால் எந்தப் பாத்திரத்தில் குடிக்கப்போகிறார்? அவளுடைய பாத்திரத்தில்தான்.

நம்ம பிரசங்கிகள் இந்த இடத்தைச் சீக்கிரம் தாண்டிவிடுவார்கள். 'ஜீவத் தண்ணீர்' என்று ஆரம்பித்து, அவளுக்கு எத்தனை புருஷன் என்று அவளுடைய ஒழுக்கத்துக்குப் போய்விடுவார்கள். இரட்டைக் குவளை பார்த்த சனம் அப்படித் தாண்டிப் போக முடியாது. டீக்கடையில் தனிக் குவளை என்றால் என்னவென்று தெரிந்தவனுக்கு, அந்தப் பெண்ணின் திகைப்பு எடுத்த எடுப்பில் புரிந்துவிடும். ஜீவத் தண்ணீரைத் தருவதற்கு முன்னால் அவர் அவளிடம் சாதாரணத் தண்ணீரைக் கேட்டார். கொடுக்கிறவனாக மட்டும் வந்து நிற்கும் அன்பு கை நனையாத அன்பு. மேலே நின்று பிச்சை போடலாம், நிவாரணம் கொடுக்கலாம், அதற்குப் பேர் தர்மம். 'உன் பாத்திரத்துல எனக்குத் தா' என்று கேட்கும்போதுதான் கேட்கிறவனும் கொடுக்கிறவளும் ஒரே தரையில் நிற்கிறார்கள். அதே அதிகாரத்தைத் தொடர்ந்து வாசியுங்கள். ஊர்க்காரர்கள் அழைக்க, அவர் அங்கே ரெண்டு நாள் தங்குகிறார். ரெண்டு நாள் தங்கினவர் யார் வீட்டில் சாப்பிட்டிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதைத் தமிழ்நாட்டுத் திருச்சபை எப்படிப் புரிந்துகொண்டது? 1833ல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி அடியோடு போகவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். சென்னையிலும் தஞ்சாவூரிலும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 1850ல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு இன்னும் ஒருபடி மேலே போனது. சாதியை விட்டதற்கு அத்தாட்சியாக, பறையர் சமைத்த உணவைச் சாப்பிடவேண்டும் என்றது. அப்படிக் கூடிச் சாப்பிட்டதற்கு 'அன்பின் விருந்து' என்று பேர். லைப்சிக் மிஷன்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சாதி சமூக வழக்கம், அது மெதுவாகத்தான் கரையும் என்றார்கள். எத்தனையோ வேளாளக் கிறிஸ்தவர்கள் விருந்தில் உட்கார மறுத்து, சபையை விட்டே போனார்கள். வசனம் கேட்டார்கள், ஜெபம் பண்ணினார்கள், அதெல்லாம் கஷ்டமாக இல்லை. ஒரு கவளம் சோறுதான் தொண்டையில் சிக்கியது. வெள்ளைக்காரப் பாதிரிமாருக்கு ஆயிரம் குறை உண்டு, அவர்களுடைய அதிகாரத் தோரணை தனிக் கதை. ஆனால் சாதி எங்கே குடியிருக்கிறது என்பதை அந்த மாநாடு சரியாகவே கண்டுபிடித்தது. அது அடுப்படியில் இருக்கிறது.

இது பழைய கதை என்று யாராவது சொன்னால் எறையூரைக் காட்டுங்கள். அன்றைய விழுப்புரம் மாவட்டம், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம். அங்குள்ள தலித் கத்தோலிக்கர்களுக்குத் தனிக் கல்லறை, கோயிலுக்குப் போகத் தனிப் பாதை. பொறுத்துப் பார்த்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் இறந்தார்கள். செத்தவர்களும் பாட்டாளிகள்தான். ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிடுகிறவர்கள், பிணம் போகும் பாதைக்காக அடித்துக்கொண்டார்கள்.

கோயிலுக்குள் இப்படி. கோயிலுக்கு வெளியே, அரசாங்கம் என்ன சொல்கிறது? நம்ம சென்னையில் சூசை என்று ஒரு தோழர், ஆதிதிராவிடர், கிறிஸ்தவர், தெருவோரத்தில் செருப்புத் தைத்தவர். 1982ல் தெருவோரச் செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது அவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காரணம், 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை. பட்டியல் சாதியில் சேர இந்துவாக இருக்கவேண்டும் என்றது அது. 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் சேர்க்கவில்லை. சூசை உச்சநீதிமன்றம் போனார். 1985ல் தீர்ப்பு. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, அதே கடுமையோடு கொடுமையும் தொடர்கிறது என்று நிரூபிக்கவேண்டும், அதற்கு ஆதாரம் இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

வெயிலில் உட்கார்ந்து ஊரார் செருப்பைத் தைக்கிறவனிடம் ஆதாரம் கேட்டார்கள், தோழர்களே. அவன் உட்கார்ந்திருந்த இடமே ஆதாரம்.

2007ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்குப் பட்டியல் சாதித் தகுதி கேட்டுத் தீர்மானம் போட்டது. இதற்கிடையில் நம்ம வீடுகளில் என்ன நடந்தது? எங்க அம்மாவுக்கு ரெண்டு பேரு. ஞானஸ்நானப் பேரு ஒண்ணு, ரேஷன் கார்டுல இருக்குற பேரு ஒண்ணு. ஒரு பேர்ல கூப்பிட்டா சபை திரும்பிப் பார்க்கும், இன்னொரு பேர்ல கூப்பிட்டா தாலுகா ஆபீஸ் திரும்பிப் பார்க்கும். எங்க அம்மாவ முழுசா ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. இப்படி வாழ்கிறவர்களைப் பார்த்து 'விசுவாசத்துல உறுதி இல்லாதவங்க' என்று மேடையில் பேசுகிற ஊழியர்களைக் கேட்டிருக்கிறேன். ஆளை ரெண்டாகக் கிழித்தது சட்டமும் சாதியும். பழி மட்டும் கிழிபட்டவள் மேல். பெயரைச் சொல்லி அழைக்கிற கடவுள் என்று விவிலியம் பேசுகிறது. அந்தக் கடவுள் எங்க அம்மாவ எந்தப் பேர்ல கூப்பிடுவார்? ரெண்டு பேரும் அவருக்குத் தெரியும் என்பதுதான் என் விசுவாசம்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு என்று ஒருவர் இருந்தார். 2005ல் காலமானார். பரட்டை என்றுதான் சனம் கூப்பிடும். சேரியின் மெட்டிலும் பேச்சிலும் வழிபாட்டை அமைத்தவர். கடவுளைப் 'பெத்தவரே' என்று கூப்பிடச் சொன்னார். அவர் பேசிய பெரிய விஷயம் 'ஒரு ஒலை'. ஒரே உலையில் சோறு பொங்கி எல்லாரும் தின்பது. அவருக்குத் திருவிருந்து என்றால் அதுதான். ஒரே உலை என்றால் உழைப்பும் ஒண்ணு, பசியும் ஒண்ணு. ஒரு வீட்டில் ரெண்டு உலை வைத்தால் அண்ணன் தம்பி பிரிந்துவிட்டார்கள் என்று ஊரே புரிந்துகொள்ளும். அதே கண்ணோடு நம்ம சபையைப் பாருங்கள். எத்தனை உலை கொதிக்கிறது என்று எண்ணுங்கள்.

ஆவிக்குரிய புதுப்பித்தலை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான். அந்நிய பாஷையும் கண்ணீரும் வரட்டும், நான் தடுக்கல. அதோடு உங்கள் சபைக் கணக்கையும் எடுங்கள். நிர்வாகக் குழுவில் யார், கக்கூஸ் கழுவுகிறது யார்? சபை நடத்தும் பள்ளிக்கூடத்தில் வேலை யாருக்கு? கல்லறையில் எந்த மூலை யாருக்கு? போன வருஷம் நடந்த கல்யாணங்களில் சாதி தாண்டியது எத்தனை? பொம்பளைங்க சமைச்சு முடிச்சு எந்தப் பந்தியில உக்காருறாங்க? இந்தக் கடைசிக் கேள்வி நம்ம வீட்டுக்கும், நம்ம இயக்கத்துக்கும் சேர்த்துத்தான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. 1985ல் ஆதாரம் இல்லை என்றார்களே, அந்த ஆதாரத்தை நாம் எழுதுவோம். ஒவ்வொரு சபையாகப் போய், கல்லறைச் சுவரையும் பாதையையும் பந்தியையும் பார்த்து, தேதி போட்டு, சாட்சி சொல்கிறவர்கள் சம்மதத்தோடு எழுதிவையுங்கள். சாட்சி சொல்வது என்று சபையில் தினமும் பேசுகிறோம். இதுவும் சாட்சிதான்.

கிணற்றடியில் அவர் தண்ணீர் கேட்டது அந்தப் பெண்ணிடம். நம்ம ஆத்தாமார் கையில் இருக்கிற பாத்திரத்துக்கு அப்படி ஒரு மரியாதை உண்டு. அந்தப் பாத்திரத்தில் குடிக்க மறுக்கிறவன் எத்தனை அல்லேலூயா சொன்னாலும் இன்னும் தாகத்தோடுதான் நிற்கிறான்.