ஆங்கிலப் பெயர்ச்சொற்களை அறிவோம்



நம் தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளையும் ஒருங்கே கற்று வருகின்றனர். அவற்றுள் ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சுவோர் பலர். வீட்டில் பேசாத மொழியாயிற்றே என்பது பெற்றோரின் கவலை. ஆயினும் அம்மொழியின் பெயர்ச்சொற்களுள் மிகப் பல, நாம் அன்றாடம் புழங்கும் பொருள்களின் பெயர்களே. பிரட்டுக்களத்திலும் மர நிரையிலும் நின்றபடியே அவற்றை வகைப்படுத்தி அறிந்து கொள்ளலாம்.

முதலாவது பொதுப்பெயர், அடுத்தது சிறப்புப்பெயர். மரம், ஆறு, பட்டணம் என்பன பொதுப்பெயர்கள். கிள்ளான், கோலாலம்பூர் என்பன சிறப்புப்பெயர்கள். பொதுப்பெயரே சிறப்புப்பெயராக மாறுவதும் உண்டு. 'பிரிக்' என்றால் செங்கல். 'பீல்ட்' என்றால் வெளி. கோலாலம்பூர் 1881ஆம் ஆண்டில் தீயாலும் வெள்ளத்தாலும் அழிவுற்ற பின், அத்தாப்புக் குடில்கள் நின்ற இடங்களில் செங்கற் கட்டடங்கள் எழுந்தன. அக்காலத்தில் செங்கல் அறுத்துச் சுட்ட வெளியே பிரிக்பீல்ட்ஸ் என்னும் ஊராயிற்று. இத்தகைய சிறப்புப்பெயரின் முதல் எழுத்தை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாகவே எழுதுதல் வேண்டும்.

உங்கள் பெயரும் சிறப்புப்பெயரே. ஆகவே அடையாள அட்டையில் உள்ள எழுத்துகளையே பள்ளிப் பதிவிலும் சேமநிதிப் பாரத்திலும் எழுதுங்கள். ஓரெழுத்து மாறினாலும் அலைச்சல் நேரிடலாம்.

மூன்றாவது கூட்டப்பெயர். பலரை ஒன்றாகச் சேர்த்துச் சொல்லும் 'பேமிலி', 'யூனியன்' போன்றவை இவ்வகையின. 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினர் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், சங்கம் என்பது ஒன்றே. அதுவே கூட்டப்பெயரின் இயல்பு.

நான்காவது பொருளின் தன்மையைக் காட்டும் பெயர். மங்கில் வடியும் பாலை ஒன்று, இரண்டு என எண்ண இயலாது. லிட்டரால் அளக்கலாம், கிலோவால் நிறுக்கலாம். ஆகவே 'லேட்டக்ஸ்' எண்ணாப் பெயர். பன்மை விகுதி ஏற்காது. மங்கு எண்ணத்தக்கது, ஆகவே 'கப்' என்பது 'கப்ஸ்' ஆகும். 'ரப்பர்' என்னும் சொல்லுக்கோ இரு நிலையும் உண்டு. பென்சில் கோட்டை இப்பொருள் தேய்த்து அழிக்கும் என்று ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் அறிஞர் 1770இல் குறித்தார். தேய்த்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அதன் பெயர் பிறந்தது. தோட்டத்துச் சரக்கைக் குறிக்கும்போது அச்சொல் எண்ணாப் பெயர்; மாணவன் கையிலுள்ள அழிப்பானைக் குறிக்கும்போது எண்ணும் பெயர்.

நம் பிள்ளைகள் பெரிதும் தவறுவது இங்கேதான். தமிழில் 'பத்து மரம்' என்போம். எண்ணே பன்மையைக் காட்டிவிடுகிறது. மலாயிலும் 'செப்புலோ பாத்தாங் போக்கோக்' என்பதில் மரத்தைக் குறிக்கும் சொல் மாறுவதில்லை. ஆங்கிலமோ எண்ணைச் சொன்ன பின்னும் 'ட்ரீஸ்' என்று பன்மை விகுதியைக் கேட்கிறது. பிள்ளை 'டென் ட்ரீ' என்று எழுதினால் அது மந்தபுத்தியன்று, தாய்மொழியின் பழக்கம். இதனை அறிந்த தாய் பிள்ளையை அடிக்க மாட்டாள். வேறுபாட்டை எடுத்துக் காட்டித் திருத்துவாள்.

ஐந்தாவது பண்புப்பெயர். நேர்மை, உடல்நலம், பாதுகாப்பு என்பன கண்ணுக்குத் தெரியா, கைக்கு அகப்படா. ஆயினும் அறிவிப்புப் பலகையில் 'சேப்டி' என்று எழுதியிருந்தால், அது நம் உயிரைப் பற்றிய சொல் என்பதை உணர வேண்டும்.

பெயர்ச்சொல்லின் பொருள் எல்லையை அறிவது ஏட்டுப் படிப்புக்கு மட்டும் உரியதன்று. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 'வேஜஸ்' என்னும் பெயர்ச்சொல்லுக்கு விளக்கம் கொடுக்கப்பட்டுள்ளது. அடிப்படைச் சம்பளமும், ஒப்பந்தப்படி செய்த வேலைக்கு ரொக்கமாகத் தரப்படும் பிற தொகைகளும் அதில் அடங்கும். குடியிருக்கும் வீடு, தண்ணீர், விளக்கு, மருத்துவ வசதி ஆகியவற்றின் மதிப்பும், ஆண்டுப் போனசும் அதில் அடங்கா. 'வீடு கொடுத்திருக்கிறோமே, அதுவும் சம்பளந்தானே' என்று எவரேனும் கூறினால், இந்த ஒரு சொல்லின் பொருளை அறிந்தவர் அமைதியாக விடையளிக்கலாம்; அறியாதவர் தலையசைத்துத் திரும்ப வேண்டியதுதான்.

அன்பர்களே, மொழிகள் ஒன்றிடமிருந்து ஒன்று கொண்டும் கொடுத்தும் வளர்வன. நம் கட்டுமரமும் சுருட்டும் ஆங்கில அகராதியில் பெயர்ச்சொற்களாக இடம் பெற்றுள்ளன. நம்மிடம் கடன் வாங்கிய மொழியைக் கண்டு நாம் கூசுவானேன்? இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் பிள்ளையுடன் அமருங்கள். வீட்டிலுள்ள பொருள்களைச் சுட்டி, எண்ணத்தக்கது எது, அளக்கத்தக்கது எது என்று கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிடினும் இக்கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம். விடையைப் பிள்ளை ஆங்கிலத்தில் கூறட்டும். அதனைக் கேட்டு நீங்களும் கற்றுக் கொள்ளுங்கள்.