கயிற்றை இழுக்கும் கை

(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



உங்களில் பலர் தொழில் நடத்துகிறவர்கள். உங்களுக்கு நாங்கள் நிர்வாகத்தைக் குறித்துச் சொல்லவருவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோலத்தான். ஆகிலும் ஒரு கார் தொழிற்சாலையின் கதை எங்களை வெகுவாய் யோசிக்க வைத்தபடியால் பேசத் துணிகிறோம்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஃபிரிமான்ட் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. ஆட்கள் வேலைக்கு வராமற்போவதும், குடித்துவிட்டு வருவதும், திடீர் வேலைநிறுத்தமும் அங்கே சாதாரணம். 1982-ல் அதை மூடிவிட்டார்கள். 1984-ல் ஜப்பானின் டொயோட்டாவோடு கூட்டுச்சேர்ந்து அதே கட்டடத்தைத் திறந்தபோது, வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே. தொழிற்சங்கமும் அதுவே. இரண்டொரு வருஷத்துக்குள் அங்கே செய்த கார்கள் அந்தக் கம்பெனியின் மிகச் சிறந்தவற்றுள் எண்ணப்பட்டன.

மாறினது என்ன? முன்பு, எது நேர்ந்தாலும் வரிசை நிற்கக் கூடாது என்பது சட்டம். தவறாய்ப் பொருத்தின கார் அப்படியே நகர்ந்துபோகும். பிறகு வெளியே நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். புதிய முறையில் தொழிலாளியின் தலைக்கு மேல் ஒரு கயிறு. குறை கண்டவர் யாரும் இழுக்கலாம். குழுத்தலைவர் உடனே உதவிக்கு வருவார். அப்போதும் சரியாகாவிட்டால் வரிசையே நின்றுவிடும்.

கயிறு மலிவான சரக்குதான். அதே மாநிலத்தில் வான் நைஸ் என்னும் இடத்திலிருந்த தொழிற்சாலையிலும் இந்த முறையைக் கொண்டுவரப் பார்த்தார்கள், வேரூன்றவில்லை. 1992-ல் அது மூடப்பட்டது. இழுத்தவரைப் பார்த்து மேலதிகாரி முகம் சுளித்தால், அந்தக் கயிறு துணி உலர்த்தத்தான் உதவும். நிர்வாகப் புத்தகங்கள் ஸ்தாபனக் கலாசாரம் என்று பெரிய பெயரிட்டு அழைப்பது, எங்கள் எண்ணத்தில், அந்த முகம்தான். (ஃபிரிமான்டின் கூட்டு முயற்சியும் 2010-ல் முடிந்தது. இன்று அங்கே டெஸ்லா கார்கள் தயாராகின்றன.)

எங்கள் முகத்தையும் சொல்லவேண்டும். சில வருஷங்களுக்கு முன், ஆபரேஷன் தியேட்டரில் பஞ்சுத்துணி ஒன்று குறைகிறதென்று ஒரு நர்ஸ் தையல் போடவிடாமல் தடுத்தார். இருபது நிமிஷம் தேடி, வாளிக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். மாதாந்தரக் கூட்டத்தில் மருத்துவர் இதைப் புகாராகச் சொன்னபோது நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

மறுமாதம் மறுபடியும் ஒன்று குறைந்தது. இந்தமுறை அவர் வாய்திறக்கவில்லை; தனக்குள்ளே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார். மயக்கமருந்து கொடுத்தவர் அவருடைய முகத்தைக் கவனித்துக் கேட்டதால்தான் தையல் நின்றது. அந்தத் துணி வாளிக்கு அடியில் இல்லை. நோயாளியின் வயிற்றுக்குள் இருந்தது.

அடுத்த கூட்டத்தில் எங்கள் மருத்துவ அதிகாரி எழுந்து, எல்லாருக்கும் முன்பாக அவரிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டவுடன் எல்லாம் மாறிவிடவில்லை. பேசிப் பழகாத வாய்கள் திறக்க இரண்டு வருஷம் பிடித்தது. போன மாதம் ஒரு பயிற்சி மாணவி, "டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். எண்ணிப் பார்த்தால் கணக்கு சரியாகவே இருந்தது, பிசகினது அவள்தான். மருத்துவர் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுத் தையலைத் தொடர்ந்தார்.