புகையும் மலையும்

2015 ஏப்ரல் 7, விடியற்காலை. திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில், ஆந்திர மாநிலத்தின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள், திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டத்தவர்கள். ஜவ்வாது மலை ஊர்களைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. கல்லெறிந்து தாக்க வந்ததால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்பது இறந்தவர்கள் தரப்பு. உயிர் தப்பிய ஒருவர் சொன்னது இன்னும் பலருக்கு நினைவிருக்கும். பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். இருவரும் சேர்ந்து வந்தவர்கள் என்று நினைத்து அவரை விட்டுவிட்டார்கள். கூட வந்தவர்களை இறக்கிவிட்டார்கள்.

அவர் சொன்னபடியே நடந்திருந்தால், அந்தப் பஸ்ஸுக்குள் சில நொடிகளில் இரண்டு பொதுமுடிவுகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. தனியாக வரும் தமிழ்நாட்டு ஆம்பிளை மரம் வெட்டப் போகிறவன். பெண்ணோடு வருகிறவன் அப்படிப்பட்டவன் இல்லை. ஒன்று ஆளை இறக்கியது, மற்றொன்று ஆளைக் காப்பாற்றியது. இரண்டுமே விசாரித்து எடுத்த முடிவு இல்லை.

ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பற்றிச் சொல்வதைத்தான் பொதுமைப்படுத்தல் என்கிறோம். இதைக் குற்றமாக மட்டும் பார்க்க முடியாது. ஒரு முறை சுட்ட அடுப்பை மட்டுமல்ல, எந்த அடுப்பையும் குழந்தை தொடாமல் இருப்பது இதனால்தான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீடுகளில் சொல்வதும் இதைத்தான். ஆனால் அந்தப் பழமொழி கவனமான பழமொழி. ஒரு பானைக்குத்தான் அது பொறுப்பேற்கிறது. அதே அரிசி, அதே தண்ணீர், அதே தீ. பக்கத்து வீட்டுப் பானையைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

மனம் எவ்வளவு தாராளமாகப் பானை மாறும் என்பதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் காட்டினார்கள். 1920-ல் அந்த ஆய்வு வெளியானது. ஆல்பர்ட் என்று அவர்கள் பெயரிட்ட கைக்குழந்தைக்கு வெள்ளை எலியென்றால் பயமே கிடையாது. எலியைத் தொடும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்புக் கம்பியில் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில முறைக்குப் பிறகு, சத்தமே இல்லாமல் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. அதோடு நின்றதா? முயலைக் கண்டு அழுதது. நாயைக் கண்டு, ரோமக் கோட்டைக் கண்டு ஒதுங்கியது. மரக்கட்டைகளைக் கொடுத்தால் மட்டும் பழையபடி விளையாடியது. இன்று எந்த நெறிக்குழுவும் இப்படியொரு சோதனையை அனுமதிக்காது. இதில் இன்னொரு வேடிக்கை: ஒரே ஒரு குழந்தையை வைத்துச் செய்த இந்தச் சோதனையிலிருந்து உலகத்துக் குழந்தைகள் எல்லோரையும் பற்றிப் பாடப்புத்தகங்கள் முடிவு சொல்லிவிட்டன.

அதே 1920-ல், ஏப்ரல் 3-ம் தேதி, மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டதில் பதினாறு பேர் இறந்தார்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் கைரேகை வைக்க மறுத்தது அந்த ஊர். பிறப்பை வைத்தே ஒரு சமூகத்தைக் குற்றவாளி என்று 1871-ல் எழுதிவைத்த சட்டம் அது. 1952-ல் நாடு முழுக்க ஒழிந்தது. பொதுமைப்படுத்தலுக்கு அரசு முத்திரையும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இனி தர்க்கத்துக்கு வருவோம். இந்திய தர்க்க நூல்களின் நிரந்தர உதாரணமே ஒரு மலைதான். தூரத்து மலையில் புகை தெரிகிறது; ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது, அடுக்களையில் பார்த்ததைப் போல. மணிமேகலையின் 29-ம் காதையில் அறவண அடிகள் தர்க்கம் சொல்லும் இடத்திலும் இந்த மலையும் அடுக்களையும் வருகின்றன. நியாய நூலார் இதோடு விடவில்லை. புகை இருந்தால் நெருப்பு உண்டு, சரி. நெருப்பு இருந்தால் புகை உண்டா என்று கேட்டார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகு சேர்ந்தால்தான் புகை. ஆக, வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் உண்மை கூடவே திரும்பி வராது.

ஜவ்வாது மலைக்கு நடந்தது இந்தத் திருப்பல்தான். செம்மரம் வெட்டிப் பிடிபட்டவர்களில் மலைக்காரர்கள் இருந்தார்கள் என்பது செய்தி. மலைக்காரர்கள் செம்மரம் வெட்டுகிறவர்கள் என்பது அதைத் திருப்பிப் போட்டது. முதலாவதில் பேச்சு பிடிபட்டவர்களைப் பற்றி. இரண்டாவதில் சாமையும் கேழ்வரகும் விதைத்து, புளியும் தேனும் சந்தைக்குக் கொண்டுவரும் அத்தனை பேரைப் பற்றி. அங்கேயும் ஈர விறகு என்று ஒன்று உண்டு: மழையை நம்பிய துண்டு நிலம், மலையில் கிடைக்காத கூலி, முன்பணத்தோடு ஊருக்குள் வரும் ஏஜென்ட். அதைத் தேடாமல் புகைக்கு மலையையே குற்றம் சொல்வது சுலபம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை இது. ஜமுனாமரத்தூர் ஒரு பக்கம், புதூர்நாடும் நெல்லிவாசலும் இன்னொரு பக்கம். எந்தப் பானை என்று கேட்க வேண்டாமா?

எழுதுகிறவர்களுக்கு இதில் பங்கு உண்டு. மரம் வெட்டிய கூலியாளும் கன்டெய்னரில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பியவரும் தலைப்பில் ஒரே 'கடத்தல்காரர்' ஆகிவிடுகிறார்கள். இதற்கு எதிர்ப்பக்கம் எழுதுபவர்களோ மலை மக்கள் எல்லோரும் சூதுவாது தெரியாதவர்கள் என்று உருகுகிறார்கள். கோபத்தில் எழுதினாலும் பாசத்தில் எழுதினாலும் அங்கே ஒரு தனி ஆளைக் காணோம்.

நல்ல செய்தியும் இதற்குத் தப்பவில்லை. ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, மலையாளி பழங்குடிப் பெண், 23 வயதில் சிவில் நீதிபதித் தேர்வில் வென்றார். பிரசவமாகிச் சில நாட்களே ஆன நிலையில் சென்னைக்கு வந்து தேர்வு எழுதியவர் அவர். 2024 பிப்ரவரியில் முதலமைச்சர் உட்படப் பலர் வாழ்த்தினார்கள். வாழ்த்தோடு வாழ்த்தாக, மனம் இருந்தால் மலையிலிருந்தும் யாரும் வரலாம் என்ற பொதுமுடிவும் கிளம்பிவிட்டது. ஸ்ரீபதி பள்ளிப் படிப்பு படித்தது ஏலகிரி மலையில். புலியூரிலேயே இருந்து படித்த அவர் வயதுப் பெண்கள் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டினார்கள் என்ற கணக்கு கையில் இருந்தால்தான், அந்த வாக்கியத்தில் 'யாரும்' என்று எழுதலாமா என்பது தெரியும்.