பட்டாவிலிருந்து சாத்பாராவுக்கு



இன்று சட்டப் பட்டம் பெறும் உங்களில் பலர் மும்பைக்கும் டெல்லிக்கும் பெங்களூருக்கும் அசோசியேட் வேலைக்குக் கிளம்புகிறீர்கள். நான் தொழில் செய்யும் ஊர் மும்பை என்பதால் அதை வைத்தே பேசுகிறேன்.

ஊரைவிட்டுப் போகிறார்களே என்று யாரும் உங்களைக் குறை சொல்லக் கூடாது. ஜூனியருக்கு மாதாமாதம் பணம் தரும் வழக்கம் நம் தமிழ்நாட்டில் பல வக்கீல் அலுவலகங்களில் இருந்ததில்லை. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் என்று குறைந்தபட்சத் தொகையே பேச்சுக்கு வந்தது. கல்விக் கடனோடு வெளியே வரும் பிள்ளை நல்ல சம்பளம் தேடிப் போவது நியாயம்.

போக உரிமையும் உண்டு. வழக்கறிஞர்கள் சட்டம் 1961இல் வந்தது. நாடு முழுவதும் தொழில் செய்யலாம் என்ற அதன் 30ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்ததோ 2011 ஜூன் மாதத்தில். ஒரே சமயத்தில் இரண்டு மாநிலங்களின் பட்டியலில் பெயர் இருக்க முடியாது. நிரந்தரமாகத் தங்குவதென்றால் 18ஆம் பிரிவின்படி பெயரை அந்த மாநிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை என்று சட்டமே சொல்கிறது. இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் பெயரை மாற்றிவிட்டால் அந்த ஊர் வக்கீல் ஆகிவிட முடியாது. நான் சொல்ல வந்ததே இதுதான்.

நிலம் வாங்கும் ஒரு கட்சிக்காரருக்காக உரிமை ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலை முதல் வருடத்திலேயே உங்களிடம் வரும். மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று என்று பழகிய கையில் மும்பையில் சாத்பாரா தருவார்கள். கிராமப் படிவம் 7, 12 இரண்டும் சேர்ந்த தாள் அது, முழுக்க மராத்தி. தாளில் ஹெக்டேர் கணக்கு இருக்கும். விற்பவர் குண்டா கணக்கில் பேசுவார். நமக்கு ஏக்கருக்கு 100 சென்ட், அவர்களுக்கு 40 குண்டா. பரப்பளவைக் கணக்குப் போட்டுவிடலாம். உரிமையாளர் பெயருக்கு அருகில் ‘போக்வட்டாதார் வர்க் 2’ என்று இருந்தால்? கலெக்டர் அனுமதி இல்லாமல் அந்த நிலத்தைக் கைமாற்ற முடியாது என்று அர்த்தம். அந்த ஒரு வரியைத் தாண்டிப் போனால் கட்சிக்காரர் கொட்டிய பணம் முழுவதும் சிக்கிக்கொள்ளும். பக்கத்திலேயே ‘இதர அதிகார்’ என்றொரு கட்டம். வங்கிக் கடன், குத்தகை பாத்தியதை எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இருபதாவது மாடியில் உட்கார்ந்து யாரோ ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்த சுருக்கத்தைப் படித்து உரிமைச் சரிபார்ப்புக்குக் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தேவநாகரி எழுத்தை ஒரு மழைக்காலத்துக்குள் கற்றுக்கொள்ளலாம். அலுவலகத்தில் ‘காகா’ என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த குமாஸ்தா ஒருவர் நிச்சயம் இருப்பார். கிராம வருவாய் அலுவலகத்துக்கு அவரோடு போங்கள். எந்தப் பதிவை எந்த ‘பேர்பார்’ எனும் உரிமை மாற்றப் பதிவு எண்ணில் தேடுவது என்று அவர் காட்டித்தருவதை எந்தப் பாடப்புத்தகமும் தராது. மாட்டுங்காவில் நல்ல காபி உண்டு, தாராவியில் தமிழ் உண்டு. அங்கே போங்கள், ஆனால் அங்கேயே அடைந்துவிடாதீர்கள்.

நீங்கள் குடியேறும் வீட்டுக்கும் ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ ஒப்பந்தம் போடுவார்கள். 11 மாதம்தானே, பதிவு எதற்கு என்று புரோக்கர் சொன்னால் கேட்காதீர்கள். 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைச் சட்டப்படி பதிவு கட்டாயம். பதிவு செய்துதர வேண்டியவர் வீட்டுக்காரர்.

கடைசியாகப் பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். மகன் மும்பை என்றால் பெட்டி கட்டுகிறோம். மகள் அதையே சொன்னால் ‘சென்னையிலேயே பார்க்கலாமேம்மா’ என்கிறோம். அவளும் இதே தேர்வை எழுதித்தான் இந்த அங்கியைப் போட்டு நிற்கிறாள். அவள் கையில் வேலை உத்தரவு இருந்தால் இன்றைக்கே சம்மதம் சொல்லுங்கள். பாதுகாப்பான இடத்தில் வீடு பார்ப்பது பெரிய கவலை என்றால் என்னிடம் சொல்லுங்கள். கூட இருந்து பார்த்துக் கொடுக்கிறேன்.